கணப்பில்லாத வீடு பிறந்த கதை

நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சன் 1893-ல் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்ட கப்பலுக்கு 'ஃபிராம்' என்று பெயர். உறைபனியில் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு, பனி போகிற போக்கிலேயே மிதந்து செல்வதற்காகக் கட்டிய கப்பல் அது. கட்டியவர் காலின் ஆர்ச்சர். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்பும்படி அதன் அடிப்பகுதி உருண்டையாக இருந்தது. அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி உலகம் வேண்டிய அளவு பேசிவிட்டது. வீடு கட்டுகிறவர்களுக்கு வேண்டிய சங்கதி கப்பலுக்குள்ளே இருந்தது. 13 பேர் தங்கிய அறைகளின் சுவருக்குள் தார் பூசிய கம்பளித் தகடு, தக்கை, மரப்பலகை, மறுபடி கம்பளி, காற்றுப் புகாத லினோலியம், மறுபடி பலகை என்று அடுக்கடுக்காகத் திணித்திருந்தார்கள். வெளிச்சத்துக்காக மேல்தளத்தில் வைத்த சாளரத்துக்கு மூன்று கண்ணாடி. நல்ல காற்று உள்ளே இறங்குவதற்குப் பாய்த்துணியால் ஒரு வழி. வெளியே மைனஸ் 30 டிகிரி அடித்த நாட்களிலும் கணப்பில் நெருப்பு மூட்ட வேண்டியிருக்கவில்லை, ஒரு விளக்கு எரிந்தாலே போதுமாக இருந்தது என்று நான்சன் தம் பயண நூலில் எழுதினார்.

நெருப்பில்லாமல் கதகதப்பு எங்கிருந்து வந்தது? மனித உடம்பிலிருந்துதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பிலிருந்து 80 முதல் 100 வாட் வரை வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. 13 பேர் என்றால் ஒரு கிலோவாட்டுக்கு மேல். சமையலும் விளக்கும் அதன்மேல் கூடுதல். இந்த வெப்பம் குளிர்நாட்டு வீடு ஒவ்வொன்றிலும் உண்டு. பிடித்து வைத்துக்கொள்ளத்தான் வீட்டுக்குத் தெரிவதில்லை. சுவர் வழியாக, கண்ணாடி வழியாக, கதவிடுக்கு வழியாக அது போய்விடுகிறது. போனதை ஈடுகட்ட எரிபொருளை எரிக்கிறார்கள். ஐரோப்பிய வீடுகளில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்றைக்கும் அறைகளைச் சூடாக்கவே போகிறது. ஓட்டைப் பானையை நிரப்புவதற்காகக் குழாயைப் பெரிதாக்கிக்கொண்டே போன கதை அது. நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கிடைத்தவரை பானையை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஃபிராமில் செய்து காட்டியதை நிலத்தில் ஒரு வீட்டுக்குச் செய்ய எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பிடித்தன.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. பீப்பாய்க்கு 3 டாலர் வாக்கில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை எட்டியது. கடுங்குளிர் நாடுகள் திடுக்கிட்டு விழித்தன. டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கோர்ஸ்கார்டும் எஸ்பென்சனும் ஒரு சோதனை வீடு கட்டினார்கள். ஜெர்மனியின் ஆகன் நகரில் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஒன்று கட்டியது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வேய்ன் ஷிக் 1976-ல் தடித்த சுவர் வைத்த வீட்டுக்கு வரைபடம் போட்டார். ஆனாலும் அந்தப் பத்தாண்டில் பொதுமக்கள் கண்ணும் அரசாங்கப் பணமும் பெரும்பாலும் சூரியன் பக்கமே இருந்தன. கூரையில் பளபளக்கும் தகடு, நிலவறையில் பெரிய வெந்நீர்த் தொட்டி, குழாய்கள், பம்புகள் என்று இருந்தால்தான் அது எதிர்கால வீடு.

கனடாவின் சஸ்காட்சுவன் மாகாண அரசுக்கும் அப்படியொரு சூரிய வீடுதான் வேண்டியிருந்தது. மாகாண ஆராய்ச்சிக் கழகத்திடம் பொறுப்பு வந்தது. தேசிய ஆராய்ச்சிக் குழுவின் பொறியாளர் ஹெரால்ட் ஓர், சஸ்காட்சுவன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பெசன்ட், ராப் டூமான்ட் முதலியோர் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வீடு எழப்போகும் ரெஜைனா நகரம் 50 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்தான். குளிர் மைனஸ் 30-க்குக் கீழே இறங்கும் காலத்தில்தான் வெயிலும் மிகக் குறைவு. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரவு அடிமட்டத்தில். கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலம்வரை சேமிப்பதென்றால் தொட்டி வீட்டையே விழுங்கிவிடும். ஆகவே அந்தக் குழு கேட்ட கேள்வி வேறு: இந்த வீட்டுக்கு இவ்வளவு வெப்பம் எதற்கு?

அந்தக் கேள்வி அவர்களுக்கு அந்தரத்தில் உதித்துவிடவில்லை. ஹெரால்ட் ஓர் அதற்கு முன்பே சஸ்காட்டூன் நகர வீடுகளில் ஒரு வினோதத் தொல்லையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட புதிய வீடுகளில் கூரைப் பரண் பனிக்கட்டியால் மூடிக்கொண்டது, சுவர்களில் ஈரம் கோத்தது. காரணம் புகைபோக்கி. எண்ணெயோ எரிவாயுவோ எரியும் வீட்டில் புகைபோக்கி நாள் முழுக்க உள்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், சமையல் ஆவியும் குளியல் ஆவியும் அதோடு போய்விடும். மின்சார வீட்டில் புகைபோக்கி கிடையாது. ஈரக் காற்று மேற்கூரையின் இடுக்குகளில் கசிந்து ஏறி, பரணின் குளிரில் பட்டு, உறைபனியாகப் படிந்தது. கண்ணுக்குத் தெரியாத கசிவு எவ்வளவு காற்றைக் கடத்துகிறது என்பது இந்த உறைபனியால்தான் தெரிந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆற்றல் சிக்கனத்தின் பெரிய பாடம் ஒன்று, ஈரம் கோத்த பரணுக்குள் விளக்கோடு நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

1977-ல் ரெஜைனாவில் வீடு எழுந்தது. சஸ்காட்சுவன் சேமிப்பு வீடு என்று பெயர். பார்த்தால் ஒரு பெரிய பெட்டி. மூலை முடுக்கு, நீட்டல் மடக்கல் எதுவும் இல்லாத இரண்டு மாடி. அதுவும் கணக்குதான்: உள்ளே இருக்கும் இடத்துக்கு வெளிச்சுவரின் பரப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு இழப்பு குறைவு. அன்றைய வழக்கமான வீடுகளைவிடப் பல மடங்கு காப்புத் திறன் கொண்ட சுவர், ஓர் அடி கனத்தில். இரண்டு வரிசை மரச்சட்டங்களை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, நடுவிலும் இரு பக்கமும் பஞ்சை அடைத்தார்கள். மரம் பஞ்சைவிட வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தும். ஒரே சட்டம் உள்ளிருந்து வெளிவரை நீண்டால் அதன் வழியாகவே சூடு ஒழுகிவிடும், அதனால் இரட்டைச் சட்டம். கூரையில் காப்பு இன்னும் கனம். பெரிய சன்னல்கள் தெற்கே மட்டும். குளிர்காலத்துச் சாய்வெயில் அந்தப் பக்கம்தான் உள்ளே வரும்.

எல்லாவற்றையும்விட, சுவருக்குள் ஒரு பாலித்தீன் விரிப்பு. வீடு முழுவதையும் தொடர்ச்சியாகச் சுற்றி வந்த அந்த விரிப்பு ஓர் இடத்தில்கூட அறுபடக் கூடாது என்பது கட்டளை. மின்கம்பி நுழையும் துளை, சன்னல் சட்டத்தின் ஓரம், சுவரும் கூரையும் சேரும் மூலை என்று தேடித் தேடி அடைத்தார்கள். அறைக்குள் விசிறி வைத்து 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் சோதித்தபோது, மணிக்கு 0.8 முறைதான் வீட்டின் காற்று மாறியது. மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வேகமாக அடிக்கும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் மோதினால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் 50 பாஸ்கல். சாதாரண வீட்டில் இதுபோல் பல மடங்கு காற்று ஓடும்.

இவ்வளவு இறுக்கி மூடினால் உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டாமா? அதற்குத்தான் பெசன்ட்டின் குழு ஒரு பெட்டியைச் செய்தது. ஒட்டுப்பலகையும் பாலித்தீன் தாள்களும்தான் மூலப்பொருள். தாள்களை இடைவெளி விட்டு அடுக்கி, ஓர் இடைவெளியில் வெளியே போகும் அழுக்குக் காற்றையும் அடுத்ததில் உள்ளே வரும் புதுக்காற்றையும் எதிரெதிராக ஓடவிட்டார்கள். இரண்டும் கலப்பதில்லை. தாளின் வழியே சூடு மட்டும் கைமாறுகிறது. வெளியேறும் காற்று தன் வெப்பத்தில் பெரும்பகுதியை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறது. ஆச்சரியமான எளிமை. இதை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று பல்கலைக்கழகம் கையேடு ஒன்றும் வெளியிட்டது. அறிவைப் பூட்டி வைக்காமல் தச்சுவேலை தெரிந்த எவரும் செய்யும்படி எழுதிக் கொடுத்த அந்த மனம் பாராட்டத் தக்கது.

அந்த வீட்டில் சூடாக்கும் ஃபர்னஸ் கிடையாது. ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சூரிய வீடு கேட்ட அரசுக்காகக் கூரையோரம் வெற்றிடக் குழாய்ச் சூரியத் தகடுகளும் வைத்திருந்தார்கள். பராமரிப்பில் அவை ஓயாமல் தொல்லை கொடுத்து, பிற்பாடு கழற்றப்பட்டன. சுவருக்குள் இருந்த பஞ்சுக்கும் விரிப்புக்கும் பராமரிப்பே தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது போயிற்று, தெரியாதது நின்றது. சூரியத் தகடு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய தகடுகள் வேறு, விலையும் வேறு. எதை முதலில் செய்வது என்ற வரிசையைத்தான் ரெஜைனா கற்றுக்கொடுத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பின் அடுத்தடுத்த வீடுகளில் மீட்டர்களோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் போட்ட கணக்குக்கும் எரிவாயு பில்லுக்கும் பொருந்தவில்லை. கூரைப் பரண் வழியாக, கணக்கு சொன்னதைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வெப்பம் ஓடிக்கொண்டிருந்தது. பரணில் பஞ்சு சரியாகத்தான் போட்டிருந்தது. பிறகு எப்படி? அந்த ஆராய்ச்சியாளர்களில் பியாவும் தத்தும் வோடெக்கியும் தேடிக் கண்டுபிடித்தார்கள்: இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவர் உள்ளே பொள்ளலான கான்கிரீட் கல்லால் ஆனது, அந்தப் பொள்ளல்கள் நிலவறையிலிருந்து பரண்வரை புகைபோக்கிபோல் நீண்டு கிடந்தன. ஃபர்னஸ் குழாயைச் சுற்றி விட்ட இடைவெளியும் அப்படியே. பஞ்சைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சூடு போய்க்கொண்டிருந்தது.

1979-ல் சுவீடனிலிருந்து ஆகே புளோம்ஸ்டர்பெர்க் பிரின்ஸ்டனுக்கு ஒரு யுக்தியைக் கொண்டுவந்தார். சுவீடனில் சன்னலில் விசிறியைப் பொருத்தி வீட்டின் கசிவை அளந்துவந்தார்கள்; பிரின்ஸ்டனில் அதைக் கதவுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அந்தச் சோதனை அப்படியேதான் நடக்கிறது. வாசற்கதவைத் திறந்து, நிலைச்சட்டத்துக்குள் துணித்திரையை இறுக்கமாகப் பொருத்துகிறார்கள். திரையின் அடிப்பகுதியில் விசிறி. அது சுழன்று உள்காற்றை வெளியே இழுக்க, வீடு முழுவதும் ஓட்டைகள் பேச ஆரம்பிக்கின்றன. ஸ்விட்ச் பெட்டியின் ஓரத்தில் கையை வைத்தால் சில்லென்று காற்று. சுவரடிப் பலகையின் கீழே விசில். புகைப் பேனாவை மூலையில் காட்டினால் புகை வளைந்து உள்ளே சாய்கிறது. அகச்சிவப்புக் கேமராவில் குளிர்ந்த கோடுகள் நீலமாக விரிகின்றன. விசிறியின் அருகே இருக்கும் அளவுகோல், மொத்தக் கசிவையும் ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறது. ஒரு வீட்டைச் சிக்கனமானது என்று எவர் சொன்னாலும், அந்த எண்ணைக் கேட்காமல் நம்ப வேண்டியதில்லை.

இத்தனையும் கையில் இருந்தும் வட அமெரிக்கா மறந்துபோனது. 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது, அக்கறையும் சரிந்தது. ஹார்வர்டு இயற்பியலாளர் வில்லியம் ஷர்கிளிஃப் போன்ற சிலர் தடித்த சுவர் வீடுகளைப் பற்றி ஏற்கெனவே புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருந்தது நல்லதாயிற்று. விதை அழியவில்லை. முளைத்த இடம்தான் வேறு.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ ஆடம்சன் எண்பதுகளில் சீனாவில் வேலை செய்துவந்தார். சீனாவின் தென்பகுதி வீடுகளுக்கு மைய வெப்பமூட்டல் கிடையாது என்பது அரசின் நெடுங்காலக் கொள்கை. ஆனால் அங்கும் குளிர்காலம் உண்டு. வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். வெப்பமூட்டும் கருவியே வைக்க முடியாத வீட்டை, கட்டும் விதத்தால் மட்டுமே வாழத் தக்கதாக்குவது எப்படி என்று ஆடம்சன் ஆராய்ந்தார். 1988 மே மாதம் லுண்டில் அவரும் ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபெய்ஸ்டும் பேசிக்கொண்டிருந்தபோது, இதையே மத்திய ஐரோப்பாவின் குளிரில் செய்துபார்த்தால் என்ன என்ற எண்ணம் உருவெடுத்தது. வறுமைக்குக் கண்ட வழி பணக்கார நாட்டுக்குப் பாடமானது.

ஃபெய்ஸ்ட் கணினியில் வீட்டை மணிக்கு மணி ஓட்டிப் பார்த்தார். சுவர்க் கனத்தை மாற்றி, சன்னலை மாற்றி, காற்றோட்டத்தை மாற்றி, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். அதிலிருந்து அவர் பிடித்த ஒரு புள்ளிதான் இந்த வீட்டின் இதயம் என்று சொல்வேன். கணக்கு எளிது, நாமும் போட்டுப் பார்க்கலாம்.

நல்ல காற்றுக்காக ஒருவருக்கு மணிக்கு 30 கனமீட்டர் புதுக்காற்று எப்படியும் வேண்டும். அந்தக் காற்றையே கொஞ்சம் சூடாக்கி அனுப்பினால் என்ன? 50 டிகிரி வாக்கில்தான் சூடாக்கலாம். அதற்கு மேல் போனால் தூசி கருகி வாடை வரும். ஆக, 20 டிகிரியில் இருக்கும் காற்றின் வெப்பநிலையை 30 டிகிரி உயர்த்தலாம். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி உயர்த்த 0.33 வாட்-மணி வேண்டும். மூன்றையும் பெருக்கினால் ஒருவருக்கு ஏறக்குறைய 300 வாட். ஒருவருக்கு 30 சதுர மீட்டர் இடம் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 10 வாட். ஒரு வீட்டின் உச்சபட்சத் தேவை இந்த 10 வாட்டுக்குள் அடங்கிவிட்டால், தனியாகக் கொதிகலன், அறைக்கு அறை குழாய், ரேடியேட்டர் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் காற்றுக் குழாயே சூட்டையும் சுமந்து போகும். கருவிகளுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே சுவருக்கும் சன்னலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். 20 சதுர மீட்டர் அறைக்கு 200 வாட் போதும்: இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும்.

டார்ம்ஸ்டட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் நான்கு வீடுகள் வரிசையாக எழுந்தன. வடிவமைத்தவர்கள் பாட், ரிடர், வெஸ்டர்மையர் என்ற கட்டடக் கலைஞர்கள். ஹெசன் மாநில அரசு கூடுதல் செலவில் கைகொடுத்தது. 1991-ல் குடியேறினார்கள், ஒரு வீட்டில் ஃபெய்ஸ்ட் தம் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தார். தன் கணக்கு தப்பினால் தன் பிள்ளைகள்தான் குளிரில் நடுங்கும் என்ற நிலையைத் தாமே ஏற்றுக்கொண்ட ஆராய்ச்சியாளர் அவர்.

அந்த வீட்டின் சுவரைக் கிட்டத்தில் பார்ப்போம். உள்ளே 17.5 சென்டிமீட்டர் சுண்ணாம்பு மணல் கல். அதன் வெளிப்பக்கம் 27.5 சென்டிமீட்டர் தெர்மோகோல், சாமான்கள் உடையாதிருக்கப் பெட்டிக்குள் வைக்கும் அதே வெண்ணிறப் பொருள்தான். கல்லைவிடக் காப்பு கனம். வெளியே பூஜ்யம், உள்ளே 20 டிகிரி இருக்கும் நாளில் அந்தச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே 2.8 வாட் மட்டும் போகும். காப்பில்லாத பழைய செங்கற்சுவரில் ஏறத்தாழ 30 வாட். கூரையில் 44 சென்டிமீட்டருக்கு மேல் கனிமப் பஞ்சு. தரைக்கடியிலும் தெர்மோகோல் படுக்கை.

பஞ்சு வாங்கிவிடலாம், சன்னல் வாங்க முடியவில்லை. அப்படியொரு சன்னல் சந்தையிலேயே இல்லை. மூன்று கண்ணாடி, நடுவில் கிரிப்டான் வாயு, சூட்டை உள்ளே திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு என்று கண்ணாடிக்கு வழி செய்தார்கள். மரச்சட்டத்தின் மேல் நுரைக்காப்பைக் கையாலேயே பொருத்தினார்கள். பலன் பெரியது. ஒற்றைக் கண்ணாடிச் சன்னலில், வெளியே பூஜ்யம் என்றால் கண்ணாடியின் உட்பக்கமும் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகில் குளிர் ஊறும். அதைத் தடுக்கத்தான் ஐரோப்பாவில் எல்லாச் சன்னலின் கீழும் ரேடியேட்டர் வைத்தார்கள். இந்தப் புதிய சன்னலின் உட்புறம் 18 டிகிரியில் நின்றது. ரேடியேட்டரே வேண்டாம் என்று கணக்கு சொன்னாலும் கிரானிக்ஸ்டைனில் சிறிய ரேடியேட்டர்களை வைத்தார்கள்; ஆனால் அவற்றை வீட்டின் நடுச்சுவரிலேயே மாட்ட முடிந்தது. வெளிச்சுவர்வரை குழாய் ஓட வேண்டியிருக்கவில்லை.

காற்றுப் பெட்டி ரெஜைனாவின் பேரன். வெளியேறும் காற்றின் வெப்பத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைத்தது. வெளியே பூஜ்யமாக இருந்தாலும் அறைக்குள் வரும் புதுக்காற்று 16 டிகிரிக்குக் குறையாது. சும்மா கசிந்து வருவதைவிடத் தூய்மையான காற்று வேறு.

அடுத்தடுத்த ஆண்டுகளில் அளந்தபோது, வெப்பமூட்டலுக்குச் செலவானது சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 10 கிலோவாட்-மணிக்கும் குறைவு. சுற்றிலும் இருந்த பழைய வீடுகள் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கணினி சொன்னதும் மீட்டர் சொன்னதும் பொருந்தின. ட்வின் ரிவர்ஸில் பொருந்தாமல் போன கணக்கு இங்கே பொருந்தியதுதான் உண்மையான வெற்றி.

இருந்தாலும் ஃபெய்ஸ்டுக்கு அது அப்போது ஓர் ஆராய்ச்சிதான். 1995-ல் அமெரிக்க ஆற்றல் வல்லுநர் ஆமரி லவின்ஸ் வந்து பார்த்துவிட்டு, இது வெறும் சோதனை இல்லை, தீர்வு; விலை குறையும்படி மறுபடி வடிவமைக்க வேண்டியதுதான் பாக்கி என்று உந்தினார். அடுத்த ஆண்டே டார்ம்ஸ்டட்டில் ஃபெய்ஸ்ட் தனி நிறுவனம் தொடங்கினார். அங்கே இத்தகைய வீட்டுக்கு வரையறை உருவானது: ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்-மணிக்குள் வெப்பத்தேவை, 50 பாஸ்கலில் 0.6 முறைக்குள் காற்றுமாற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஐந்து நாடுகளில் 221 வீடுகள் கட்டி அளந்தார்கள். 2007-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி, தன் புதிய கட்டடங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. 2015-ல் லைப்சிக் மாநாட்டில் சஸ்காட்சுவன் சேமிப்பு வீட்டுக்கு முன்னோடி விருது வழங்கினார்கள். கடன் பட்ட இடத்தை ஜெர்மானியர்கள் மறக்கவில்லை.

கனடாவிலும் அந்த வீட்டின் வழித்தோன்றல் முற்றிலும் அறுந்துவிடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஆர்-2000 என்ற வீட்டுத் தரம் அதன் அனுபவத்தில் பிறந்தது. அங்கே ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் புதுவீடு வாங்கிய தமிழர்கள் பேஸ்மென்டில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். எச்.ஆர்.வி. என்பார்கள். ஒட்டுப்பலகையும் பாலித்தீனுமாக ஆரம்பித்த அதே பெட்டி. சத்தமாக இருக்கிறது, கரண்ட் இழுக்கிறது என்று அதை அணைத்துவைக்கும் வீடுகளும் இருக்கின்றன. தயவுசெய்து அணைக்காதீர்கள்; வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டு ஓடவிடுங்கள். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் கறி சமைக்கும் ஆவி வெளியேற அதுதான் வழி. இல்லாவிட்டால் சன்னல் ஓரத்தில் நீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும்.

புதிய வீட்டுக்கு வழி தெரிந்துவிட்டது. ஏற்கெனவே நிற்கும் கோடிக்கணக்கான பழைய வீடுகளை என்ன செய்வது? அதற்கும் ஹெரால்ட் ஓர்தான் முதலில் கை வைத்தார். 1982-ல் சஸ்காட்டூனில் ஒரு சாதாரண ஒற்றை மாடி வீட்டைத் தேர்ந்தெடுத்து, அவரும் டூமான்ட்டும் சங்கிலி ரம்பத்தால் கூரையின் இறவாரத்தைச் சுற்றிலும் அறுத்துத் தள்ளினார்கள். நீட்டல்கள் போனதும் வீடு மொழுமொழு என்று பெட்டியாகிவிட்டது. அதை அடியிலிருந்து உச்சிவரை பாலித்தீனால் சுற்றி, வெளிப்பக்கம் புதுச்சட்டம் கட்டி, பஞ்சு அடைத்து, புது இறவாரம் வைத்து மூடினார்கள். 50 பாஸ்கலில் காற்றுக் கசிவு மணிக்கு 2.95 முறையிலிருந்து 0.29-க்கு இறங்கியது. உள்சுவரில் சுண்ணாம்புகூட உதிரவில்லை.

இன்று நெதர்லாந்தில் எனர்ஜீஸ்ப்ரோங் என்ற திட்டம் இதே வேலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. பழைய வரிசை வீட்டை லேசரால் அளக்கிறார்கள். சன்னலும் கதவும் பொருத்திய புதுச்சுவர் முழுசாகத் தொழிற்சாலையில் தயாராகி லாரியில் வருகிறது. கிரேன் தூக்கி, பழைய சுவரின் மேல் மாட்டுகிறது. கூரைக்கும் அப்படியே, இந்த முறை சூரியத் தகடுகளோடு. வேகமாக நடந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டியதில்லை. செலவுதான் இன்னும் அதிகம். எண்ணிக்கை கூடக்கூட அது இறங்கும் என்ற நம்பிக்கையில் பிரான்சும் பிரிட்டனும் ஜெர்மனியும் அந்த முறையை எடுத்துச் சோதித்துவருகின்றன.